பேர்க்கட்டு

“எந்த ஆஸ்னி?” என்று டோவா அத்தை கேட்டபோது ஆஸ்னி தன் பேச்சில் இரண்டு வார்த்தைதான் சொல்லியிருந்தாள்.

மூன்று நாளாக ஆடுகளுக்கு முன்னால் நின்று மனப்பாடம் செய்த பேச்சு அது. “நான் ஆஸ்னி” என்று ஆரம்பித்து, எனக்குப் பதினாறு வயது, ஈட்டியும் கேடயமும் சொந்தமாக இருக்கின்றன, உங்கள் கப்பலில் இடப்பக்கம் மூன்றாவது துடுப்பு காலி என்று கேள்விப்பட்டேன் என்றெல்லாம் போய், தோர் சாமியின் சுத்தியல் மேல் சத்தியத்தோடு முடியும். ஆடுகள் கடைசிவரை கேட்டிருந்தன. அத்தை கேட்கவில்லை.

அவள் கப்பலின் பலகை இடுக்குகளில் தார் தோய்த்த ஆட்டுமயிரைத் திணித்துக்கொண்டிருந்தாள். வலக்கையில் மூன்று விரல்தான். முழுப்பெயர் மூணுவிரல் டோவா. வால்விக் குடாவிலிருந்து வருஷாவருஷம் கோடையில் புறப்படும் ஒரே பெரிய கப்பல் அவளுடையது.

“எந்த ஆஸ்னின்னு கேட்டேன்.”

“மேலப்பண்ணை ஆஸ்னி, அத்தை.”

“அது வீட்டு அடையாளம். உன் பேர் என்ன?”

ஆஸ்னி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஃபின்னா, அடுத்த பண்ணை. அவளுடைய கேடயத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன். வெளியாட்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. அதனால் இந்த மாதிரி இடங்களுக்கு என்னைக் கூட்டிப்போவது அவளுக்கு வசதி. குறுக்கே பேசமாட்டேன்.

“பேர் இல்லையா?” என்றாள் அத்தை. “இத பாரு. என் கப்பல்ல ஏற்கெனவே ரெண்டு ஆஸ்னி இருக்காளுங்க. நெட்டை ஆஸ்னி, வெண்ணெய் ஆஸ்னி. நடுக்கடல்ல நீ தவறி விழுந்தேன்னு வை. நான் கயித்தப் போட்டு ‘ஆஸ்னி’ன்னு கத்துறேன். கீழ கடல்சாமி ரான் கிழவி வலைய விரிச்சிட்டு காத்திருக்கா. எந்த ஆஸ்னிய மேல கூப்பிட்டாங்கன்னு அவளுக்குத் தெரியாது. மூணு பேர்ல எவ கெடைச்சாலும் போதும்னு இழுத்துக்குவா. போன தடவ ரெண்டு கிரிமர ஏத்திட்டுப் போய் ஒரு கிரிமரோடதான் வந்தேன். அதுவும் தப்பான கிரிமர்.”

துடுப்புப் பலகையில் உட்கார்ந்து கருவாடு கடித்துக்கொண்டிருந்த கிரிமர் தலைகுனிந்தான்.

“சண்ட தெரியுமா?” என்றாள் அத்தை.

அது ஆஸ்னிக்குப் பிடித்த கேள்வி. நெட்டை ஆஸ்னி கோடாலியின் பின்பக்கத்தால் மூன்று அடி அடித்தாள். நம்முடையவள் மூன்றையும் கேடயத்தில் வாங்கி, நான்காவதற்கு உள்ளே புகுந்து, தோளால் ஒரு இடி கொடுத்தாள். நெட்டை ஆஸ்னி துறையிலிருந்து தண்ணீருக்குள் போனாள். “ஆஸ்னி” என்று யாரோ கத்த, மேலே நின்ற இரண்டு ஆஸ்னிகளும் “என்ன?” என்றார்கள்.

“பாத்தியா,” என்றாள் அத்தை. “இதத்தான் சொன்னேன். துடுப்பு உனக்குத்தான். நாலாம் நாள் காத்து திரும்பும், பொறப்பட்டுருவேன். அதுக்குள்ள பேரோட வா. கட்டுன பேரா இருக்கணும். நீயே வச்சுக்கிட்டு வந்தா ஒத்துக்க மாட்டேன்.”

கட்டாத பேர் ஒட்டாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்தால், வைத்தவர் தன் கையாலேயே ஒரு பொருள் கொடுக்க வேண்டும். அதற்குப் பேர்க்கட்டு என்று பெயர். சாட்சி முன்னால் கொடுத்தால் பேர் நின்றுவிடும். கொடுக்காவிட்டால் அது வெறும் வசவு, காற்றோடு போய்விடும். வைத்தவருக்கும் அவமானம்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் ஏழு வருஷத்துக்கு முன்பு கீழப்பண்ணை ஸ்டெய்னார் மாமா பீர் குடித்த உற்சாகத்தில், விருந்துக்கு வந்த ஒருவரை வாத்துக்கால் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். சினைப்பசு போயிற்று. அன்றிலிருந்து வால்விக்கில் யாரும் யாரையும் எதுவும் சொல்வதில்லை. ஆட்டுக்கிடாயைத் திட்டுவதற்கு முன்னால்கூட சுற்றிப் பார்ப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ரொம்ப மரியாதையானவர்கள் என்று மற்ற குடாக்களில் பேசிக்கொள்கிறார்கள்.

இந்த ஊரில்தான் ஆஸ்னி நான்கு நாளில் ஒரு பேர் சம்பாதிக்க வேண்டும்.

முதல் நாள் அவள் ஸ்டெய்னார் மாமாவின் கிடாயைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுப் புல்கூரையில் ஏறி நின்றாள். மாமா வெளியே வந்தார். அண்ணாந்து பார்த்தார். முகம் சிவந்தது.

“அடியே, நீ ஒரு...” என்று தொடங்கினார்.

அவர் மனைவி ஓடி வந்து அவர் வாயில் பாதிக் கருவாட்டைத் திணித்தாள். “ஒண்ணுமில்லம்மா. அவரு ஒண்ணும் சொல்லல. மெதுவா எறங்கு கண்ணு,” என்றாள். மாமா கருவாட்டோடு தலையை ஆட்டினார்.

இரண்டாம் நாள் அவள் குளிர்ந்த கடலில் குடாவின் அகலத்தை நீந்திக் கடந்தாள். எதிர்க்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரும் அவள் வருவதைப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்கள். பார்க்காததற்குப் பேர் வைக்க முடியாதே.

அன்று சாயங்காலம் அவள் அம்மாவிடம் கேட்டாள். அம்மா தயிர் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ பொறந்தப்பவே ஒரு பேர் வச்சாச்சு,” என்றாள் அம்மா. “அதுக்கே ஒரு ஆடு போச்சு.”

“எல்லாருக்கும் வைக்கிற பேர வச்சா என்ன பண்றது? வேற கெடைக்கலையா உனக்கு?”

“இந்தக் குடாவுக்கு மொதல்ல வந்து எறங்குனவ பேரு ஆஸ்னி. அந்தப் பேர வச்சா அதிர்ஷ்டம்.”

“எல்லாத்துக்கும் வச்சா எவளுக்கும்மா அதிர்ஷ்டம்?”

அம்மா யோசித்துப் பார்த்தாள். “பால் கறந்தியா?” என்றாள்.

அவளுக்கு மகள் போவதில் இஷ்டமில்லை, தடுக்கவும் இல்லை. பேர் கிடைக்காமல் தானாகவே நின்றுபோனால் யாரும் கெட்டவர் ஆகவேண்டாம் என்று இருந்தாள்.

இரவு முழுக்க வெளிச்சம் இருக்கும் காலம் அது. நாங்கள் மாட்டுக்கொட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். ஆஸ்னி அழவில்லை. ஈட்டியால் தரையில் குத்திக்கொண்டே இருந்தாள்.

“இந்த வருஷம் போகலேன்னா என்ன ஆகும் தெரியுமா ஃபின்னா? அடுத்த வருஷம் அந்தத் துடுப்புல வேற எவனாவது உக்காந்திருப்பான். நான் தயிர் வடிகட்டிட்டு இருப்பேன். எங்கம்மா மாதிரியே நல்லா வடிகட்டுவேன். அதான் பயமா இருக்கு.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“யாராவது ஒருத்தராவது வாய் அடக்க முடியாதவங்களா இருக்கக் கூடாதா,” என்றாள்.

அதற்கு நான் பதில் சொன்னேன். அன்று நான் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். “மேட்டுக்காரர்.”

மேட்டுக்காரர் என்றால் ஓல்விர். இறந்து அறுபது வருஷம் ஆகிறது. பிர்ச் மரக்காட்டுக்கு மேலே உள்ள புதைமேட்டில் தன் படகோடும் குதிரையோடும் இருக்கிறார். இருக்கிறார் என்றால் உட்கார்ந்திருக்கிறார். படுக்கும் வழக்கம் அவருக்கில்லை. உயிரோடு இருந்த காலத்தில் பிசினாறி ஓல்விர் என்று பெயர். தன் சவ அடக்கத்துக்கே கிழட்டுக் குதிரை போதும், நல்ல குதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செத்தவர். அந்த மேட்டைத் தாண்டிப் போகிறவர்களை உள்ளிருந்தபடியே ஓயாமல் திட்டுவார். கேட்டவர்கள் ஓடிவிடுவார்கள். ஓடுகிறவன் பேர்க்கட்டு கேட்பதில்லை என்பதால் அவருக்கு இதுவரை ஒன்றும் செலவாகவில்லை.

மேட்டுக்காரரோடு மோதுகிறவர்கள் இரவில் போவதுதான் வழக்கம். நாங்கள் மூன்றாம் நாள் நண்பகலில் போனோம். சாயங்காலம் பால் கறக்கத் திரும்பிவிட வேண்டும் என்று ஆஸ்னியின் அம்மா சொல்லியிருந்தாள்.

மேட்டின் பக்கவாட்டில், புதையல் தேடி வந்தவர்கள் தோண்டிய பொந்து ஒன்று இருந்தது. பலர் ஊர்ந்து போய், அதைவிட வேகமாக ஊர்ந்து வந்ததில் அதன் விளிம்பு வழவழப்பாகியிருந்தது. ஆஸ்னி முதலில் போனாள். நான் கேடயத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

உள்ளே ஒரு சின்னப் படகு. படகுக்குள் ஒரு நாற்காலி. நாற்காலியில் ஓல்விர். பழைய காயத்தின் நிறத்தில் கருநீலமாக இருந்தார். மடியில் ஒரு கோடாலி. அதன் அலகில் வெள்ளிக் கம்பி இழைத்து ஒரு பாம்பு தன் வாலைத் துரத்திக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான கோடாலியை நான் பார்த்ததில்லை. ஆஸ்னியும் பார்த்ததில்லை என்பது அவள் மூச்சில் தெரிந்தது.

“யார் அங்கே?” என்றார் ஓல்விர். குரல் கிணற்றுக்குள் கல் உருள்வதைப் போல இருந்தது. “என் உறக்கத்தைக் கலைத்தது எவர்? நான் ஓல்விர். என் மூச்சுப் பட்டால் புல் கருகும். என் நிழல் பட்டால் கன்று சாகும். ஒன்பது வீரர்கள் இங்கே வந்தார்கள். ஒன்பது பேரின் எலும்பையும்...”

பேச்சு நீளமாகப் போயிற்று. ஒவ்வொரு வீரரைப் பற்றியும் தனித்தனியாகச் சொன்னார். ஆஸ்னி ஊர் எழும்புவதற்கு முன்பே எழுந்து பதினான்கு மாடு கறந்திருந்தாள். முந்தின நாள் குடாவை நீந்தியிருந்தாள். இரவு சரியாகத் தூங்கவில்லை. மேட்டுக்குள் மண்வாசனையோடு கதகதப்பாக வேறு இருந்தது.

ஐந்தாவது வீரரின் விலா எலும்புக்கு வந்தபோது அவள் கொட்டாவி விட்டாள். நிதானமாக, கண்ணில் நீர் வருகிற அளவுக்கு, கடைவாய்ப் பல் தெரிய விட்டாள்.

ஓல்விர் நிறுத்தினார்.

“என்னது அது?”

“மன்னிச்சுக்கங்க தாத்தா. நீங்க சொல்லுங்க. அஞ்சாவது ஆளு.”

“கொட்டாவி விட்டியா நீ?” கல் உருளும் குரல் போய், சந்தையில் பேசுகிற குரல் வந்துவிட்டது. “அறுபது வருஷமா ஒக்காந்து சொல்லிட்டிருக்கேன். பயந்து மூத்திரம் போயிருக்கானுங்க. மயக்கம் போட்டிருக்கானுங்க. ஒருத்தன் தலமுடியே நரைச்சுப் போச்சு. கொட்டாவியா? ஏ கொட்டாவி, உன்ன யாருடி இங்க வரச் சொன்னது? கொட்டாவி ஆஸ்னி. போ, போய் உங்க வீட்ல...”

வாய் அங்கேயே நின்றது.

“என் பேர் ஆஸ்னின்னு எப்படித் தெரியும்?” என்றாள் ஆஸ்னி.

“இந்த ஊர்ல பொண்ணுன்னா ஆஸ்னிதான,” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. தான் சொன்னது அவருக்கே கேட்டுவிட்டது.

ஆஸ்னி கையை நீட்டினாள். “பேர்க்கட்டு.”

“அது பேரில்ல. வசவு.”

“வசவுன்னா ‘கொட்டாவி’யோட நிறுத்தியிருக்கணும். ‘கொட்டாவி ஆஸ்னி’ன்னீங்க. ஃபின்னா, கேட்டியா?”

நான் தலையாட்டினேன்.

“வேணும்னா சண்ட போட்டு வாங்கிக்க,” என்று எழுந்தார் ஓல்விர்.

சண்டையைப் பற்றி நான் சொல்வது குறைவாகத்தான் இருக்கும். பாதி நேரம் நான் குதிரை எலும்புக்குப் பின்னால் இருந்தேன். ஓல்விர் ஒரு காளையின் எடை இருந்தார். முதல் வீச்சில் ஆஸ்னி சுவரில் போய் மோதினாள். இரண்டாவதில் கேடயம் நடுவில் பிளந்தது. அவள் மீதித் துண்டால் அவர் முழங்காலில் அடித்து, படகின் விளிம்பில் காலை ஊன்றி, அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கினாள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு விரற்கடை தரையை விட்டு எழும்பினார். பிறகு இரண்டு பேருமாக நாற்காலி மேல் விழுந்தார்கள். நாற்காலி போயிற்று.

“என் நாற்காலி,” என்று உறுமினார் ஓல்விர். அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

மேட்டுக்காரர்களுக்குக் கோபம் வந்தால் உடம்பு பெருக்கும். தோள் அகன்றது, தலை உயர்ந்தது. ஆஸ்னி அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு ஈட்டியைக் கீழே போட்டாள்.

“நல்ல நாற்காலி இல்ல அது,” என்றாள். “மலிவு மரம். எங்க வீட்ல மாடு கறக்க இதவிட நல்லது இருக்கு.”

இன்னும் பெருத்தார்.

“குதிரையும் கெழட்டுக் குதிரதான?”

தலை கூரை உத்தரத்தில் முட்டியது. தோள் இரண்டும் இரண்டு பக்கச் சுவரிலும் இறுகின. பீப்பாயில் அடித்த மூடி மாதிரி மேட்டுக்காரர் தன் மேட்டுக்குள் மாட்டிக்கொண்டார். வலக்கை மட்டும் முன்னால் நீட்டியபடி நின்றது. அதில் கோடாலி.

“எடுத்துக்கடி,” என்று பல்லைக் கடித்தார். “கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. எடுத்துட்டு ஓடு.”

“எடுத்தா அது கொள்ளை. நீங்களா குடுத்தாதான் பேர்க்கட்டு.” ஆஸ்னி உடைந்த நாற்காலிப் பலகையில் உட்கார்ந்தாள். “நான் காத்திருக்கேன்.”

“கோபம் கொறஞ்சதும் உன்ன நசுக்கிருவேன்.”

“கோபம் கொறஞ்சுட்டா எதுக்கு நசுக்கப்போறீங்க?”

அவர் அதை யோசித்துக்கொண்டிருந்தபோது பார்வை என் பக்கம் திரும்பியது. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாட்சி சொல்கிறவள் ஒன்றையும் விட்டுவிடக்கூடாது இல்லையா. அதனால் கண்ணிமைக்காமல் பார்த்தேன்.

“இவ ஏன் பேச மாட்டேங்குறா?”

“அவ அப்படித்தான்.”

“மனசுக்குள்ள ஏதோ சொல்லிக்கிறா. மூஞ்சியப் பாத்தா தெரியுது. என்னன்னு கேளு.”

“கேட்டாலும் சொல்லமாட்டா தாத்தா.”

அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“ஒரு சீப்பு தர்றேன்,” என்றார்.

ஆஸ்னி தேடி எடுத்தாள். “இதுல பல்லே இல்லையே.”

“எனக்கும்தான் முடி இல்ல. நான் கொற சொன்னேனா? சரி, குதிரைப் பல்லு ஒண்ணு எடுத்துக்க. சீப்புக்கும் பல்லாச்சு.” அவர் மறுபடி என்னைப் பார்த்தார். “அவள அந்தப் பக்கம் திரும்பச் சொல்லேன்.”

“சாட்சி திரும்பக்கூடாது தாத்தா.”

வெளியே நிழல் நீள ஆரம்பித்திருந்தது. பொந்து வழியாக மாடுகள் கத்துவது கேட்டது. ஆஸ்னிக்கு உள்ளுக்குள் பதற்றம். எனக்குத் தெரியும், ஆனால் அவள் முகத்தில் காட்டவில்லை. இந்தப் பேர் போனால் வேறு பேர் இல்லை. நாளைக்குக் கப்பல்.

“செத்தும் நிம்மதி இல்ல,” என்றார் ஓல்விர் கடைசியில். கையைத் திறந்தார். “இந்தா, தொல. உன் சிநேகிதியக் கூட்டிட்டு மொதல்ல வெளிய போ.”

கோடாலி அவர் கையிலிருந்து அவள் கைக்கு மாறியது. நான் பார்த்தேன். பால் கறக்கும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பிவிட்டோம்.

நான்காம் நாள் காலை குடா முழுக்கக் கடல்மூட்டம். பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியவில்லை. மூட்டம் விலகியதும் புறப்படுவது என்று டோவா அத்தை தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். முப்பது துடுப்புக்காரர்கள் துறையில் நின்றார்கள். வழியனுப்ப ஊரே வந்திருந்தது. எதையும் சொல்லிவிடக் கூடாதே என்று வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு நின்றது. ஆஸ்னியின் அம்மா ஒரு மூட்டை கருவாடு வைத்திருந்தாள். கொடுப்பதா திரும்பக் கொண்டுபோவதா என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

“கொட்டாவி ஆஸ்னி,” என்றாள் என் சிநேகிதி. கோடாலியைக் காட்டினாள்.

அத்தை கோடாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது யாருடையது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“சாட்சி?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது துடுப்புக்காரர்கள், ஊர் மொத்தமும். இரவெல்லாம் தயாரித்து வைத்திருந்த ஏழு வாக்கியங்கள் தொண்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. “ம்,” என்றேன்.

“ஒரு சாட்சி,” என்றாள் அத்தை. “அதுவும் அரைச் சாட்சி. சட்டத்துக்கு ரெண்டு வேணும்னு உனக்குத் தெரியாதா? திருடினது இல்லன்னு நான் எப்படி நம்புறது?” அவள் குரலில் கடுமை இல்லை, வருத்தம்தான் இருந்தது. “சட்டத்த மீறினா மேல இருக்கிறவங்க கேக்குறாங்களோ இல்லையோ, கீழ இருக்கிற கெழவி கேப்பா.”

ஆஸ்னி கோடாலிக் காம்பை இறுக்கிப் பிடித்தாள்.

அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து ஆடுகள் ஓடி வந்தன. ஆடுகளுக்குப் பின்னால் ஸ்டெய்னார் மாமா ஓடி வந்தார். மாமாவுக்குப் பின்னால், வெயில் படாத நாள் என்பதால் வெளியே வர முடிந்த ஓல்விர், ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார்.

துடுப்புக்காரர்களில் பாதிப் பேர் கப்பலில் ஏறிவிட்டார்கள். டோவா அத்தை அசையவில்லை.

“வாங்க ஓல்விர்,” என்றாள். “கால்ல என்ன?”

“இவதான்.” அவர் மூச்சு வாங்கவில்லை, மூச்சே கிடையாது, ஆனால் பழக்கத்துக்காக நின்று நெஞ்சைப் பிடித்தார். “ராத்திரி பூரா கண்ண மூடல. கைய மூடுனா உள்ள ஒண்ணுமே இல்ல. கோடாலி இரவலாத்தான் குடுத்தேன். திரும்ப வாங்க வந்திருக்கேன்.”

“பேர்க்கட்டுன்னு இவ சொல்றா. நீங்க இவளுக்குப் பேர் வச்சீங்களா?”

“நானா? நான் எதுக்குப் பேர் வைக்கப்போறேன்? பேர் வச்சா குடுக்கணும். குடுத்தா நான் ஓல்விரே இல்ல. ஊர்ல யாரை வேணா கேளு.”

ஊர் தலையாட்டியது. அது நியாயமான வாதம்.

டோவா அத்தை பெருமூச்சு விட்டாள். “அப்பறம் என்ன பண்றது. திருப்பிக் குடுத்துரும்மா.”

ஆஸ்னியின் அம்மா கருவாட்டு மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். ஆஸ்னி கோடாலியை ஒருமுறை பார்த்தாள். நான் அவளை நடக்கப் பழகிய நாளிலிருந்து பார்க்கிறேன். குடாவுக்குள் குதிப்பதற்கு முன்னால் இருக்கும் முகம் அது.

“அவரே என்னக் கூப்பிட்டுக் கேக்கட்டும், குடுக்குறேன்,” என்றாள். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு துறையின் பலகை மேல் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள். பத்தடியில் மூட்டம் அவளை விழுங்கிவிட்டது. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏய்,” என்றார் ஓல்விர்.

ஸ்டெய்னார் மாமா “நானா?” என்றார்.

“நீ இல்ல. ஏ பொண்ணு.”

கப்பலில் இருந்த பதினோரு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். காலடிச் சத்தம் நிற்கவில்லை.

“உன்னத்தான்டி, கோடாலிய வச்சிருக்கிறவளே.”

கோடாலி வைத்திருந்த ஏழெட்டுப் பேர் தங்கள் கோடாலியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

“ஆஸ்னி.”

“என்ன?” என்றாள் நெட்டை ஆஸ்னி. “என்ன?” என்றாள் வெண்ணெய் ஆஸ்னி. பின்வரிசையில் யாரோ இடுப்பில் வைத்திருந்த ஆஸ்னி என்ற ஆறு மாதக் குழந்தை அழ ஆரம்பித்தது.

காலடிச் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. துறை முடிந்து கூழாங்கல் கரையில் கல் நெறிபடும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் பாறை, பாறைக்கப்புறம் மலை. வெள்ளிப் பாம்பு போய்க்கொண்டிருந்தது. ஓல்விர் இரண்டடி முன்னால் வைத்தார். கால் வரவில்லை. அவர் உடம்பு கொஞ்சம் பெருத்தது.

“கொட்டாவி,” என்று அலறினார். குடா முழுக்க எதிரொலித்தது. “ஏ கொட்டாவி ஆஸ்னி, நில்லுடி.”

சத்தம் நின்றது.

“என்ன தாத்தா?” என்றது மூட்டம்.

முதலில் சிரித்தது கிரிமர், தப்பான கிரிமர். அவனை அதட்ட வாய் திறந்த வெண்ணெய் ஆஸ்னியும் சிரித்துவிட்டாள். பிறகு அது துடுப்பு துடுப்பாகப் பரவியது. ஸ்டெய்னார் மாமாவின் மனைவிகூட அவர் வாயிலிருந்து கையை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

“சாட்சி முப்பத்தொண்ணு,” என்றாள் டோவா அத்தை. “அந்த அரைச் சாட்சிய விட்டுட்டாலும் முப்பது.”

ஆஸ்னி கல்லில் நடந்து, பலகையில் நடந்து, மூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். நேராக ஓல்விர் முன்னால் போய் நின்றாள். கோடாலியை இரண்டு கையிலும் ஏந்தி அவருக்கு நேரே நீட்டினாள். நான் பதறிப்போனேன். அவர் அதை எடுத்துக்கொண்டால் பேர் அவிழ்ந்துவிடும். முப்பது பேர் கேட்டிருந்தாலும் அவிழ்ந்ததுதான்.

“கூப்பிட்டுக் கேட்டா குடுக்குறேன்னு சொன்னேன்,” என்றாள். “கூப்பிட்டுட்டீங்க. இப்பக் கேளுங்க.”

ஓல்விர் கோடாலியைப் பார்த்தார். கை பாதி தூரம் வந்தது. பிறகு அவளைப் பார்த்தார். முழங்கை சிராய்ந்து, ஒரு கண் வீங்கி, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். கோடாலியைப் பின்னுக்கு இழுக்கவில்லை. எட்டிப் பிடிக்கும் தூரம்தான், ஒரு முழம் தள்ளித்தான் நின்றார். சுற்றிலும் ஊர் காத்திருந்தது. என் பக்கம் ஒருமுறை திரும்பினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. கேட்காமலே, நீட்டிய கையைத் தன் பக்கம் இழுத்து, வெறும் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

ஆஸ்னியின் அம்மா நடந்து போய்க் கருவாட்டு மூட்டையைக் கப்பலுக்குள் வைத்தாள்.

ஓல்விர் திரும்பினார். கூட்டம் வழி விட்டது. அறுபது வருஷமாக ஒரு நாளும் வாய் மூடாத மனிதர், காலை இழுத்து இழுத்து, ஒரு வார்த்தை பேசாமல் பிர்ச் காட்டுப் பக்கம் ஏறிப் போனார்.